போன் தூங்கும் இடமெல்லாம் வீடா?

தம்பி,

நேற்று அந்தக் கல்யாண மண்டபத்தில், நம்ம ஊர் ஜனம் அத்தனை பேர் முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு நீ என்னை "மேடம்" என்று கூப்பிட்டாய். "மேடம், உங்க கேள்வியை எழுத்துல கொடுங்க, பரிசீலிக்கிறோம்" என்றாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேசம்மாள் என் முழங்கையை இடித்து, "இன்னாக்கா, அது உன் புள்ளதான? உன்னியே யாரோ எவரோன்ற மாதிரி பேசுது?" என்றாள். பத்து மாதம் சுமந்தேன், கண்விழித்து வளர்த்தேன் என்றெல்லாம் சொல்லி உன்னைக் கலங்க வைக்க இதை எழுதவில்லை. எனக்குக் கலக்கம் ஒன்றும் இல்லை, கோபம்தான் இருக்கிறது. சாயங்காலம் கிண்டி ஓட்டல் அறையிலிருந்து போன் பண்ணி, "நீ என் அம்மான்னு அதிகாரிங்களுக்குத் தெரிஞ்சா மாடலையே சந்தேகப்படுவாங்கம்மா, புரிஞ்சுக்கோ" என்றாய். புரிந்துகொண்டேன். திருவொற்றியூரில் சொந்த வீடு இருக்க நீ ஓட்டலில் தங்கியிருப்பதற்கும் அதுதான் காரணம் என்று புரிந்துகொண்டேன். எல்லோர் முன்னாலும் என் வாயை அடைத்தாய் அல்லவா, அதனால் எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுவது என்று முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமைச் சமையலை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மண்டபத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு நீ பேசியது புரியவில்லை. எனக்குப் புரிந்தது, ஏனென்றால் ஓய்வு பெறும்வரை அரசாங்கத்தில் நான் பார்த்ததும் அதே வேலைதான். இன்னும் பல வருஷம் கழித்து இந்த ஊரில் யார், எங்கேயிருந்து, எங்கே, எதில் ஏறிப் போவார்கள் என்று இன்றைக்கே கணக்குப் போட்டுச் சொல்லும் வேலை. அந்தக் கணக்குக்குத்தான் நாம் மாடல் என்று பெயர் வைத்திருக்கிறோம். சாலை எவ்வளவு அகலம், பாலம் எங்கே இறங்கும், பஸ் எங்கே நிற்கும், எல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகிறது. இப்போது துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்காகக் கடலோரச் சாலைக்கு மேலே ஒரு பறக்கும் சாலை வரப்போகிறது. கீழே உள்ள சாலையின் நடுவில், தூண்களை ஒட்டி, நீளத்துக்கும் இடுப்பு உயரச் சுவர். நம்ம பக்கத்துக்கு அந்தச் சுவரில் ஒரே ஒரு திறப்பு, அங்கே ஒரு சிக்னல். சாலைக்குக் கிழக்கே மீனவர் குப்பம். மேற்கே பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, தேசம்மாள் மீன் விற்கும் தெருக்கள். அந்த ஒரு திறப்பு எங்கே வரப்போகிறது என்பதற்குத்தான் நேற்றுக் கருத்துக்கேட்புக் கூட்டம், அரசாங்கத்துக்கு மாடல் போட்டுக் கொடுத்த கம்பெனியின் ஆளாகத்தான் நீ மேடையில் நின்றாய். குப்பத்து வாசலில் வந்தால் ஜனம் உயிரோடு கடக்கும். வராவிட்டால் தலையில் கூடையோடு சுவர் ஏறிக் குதிக்கும். டிரெய்லர் லாரிக்கு பிரேக் பிடிக்க எவ்வளவு தூரம் ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீ திரையில் போட்ட படத்தில் நம்ம குப்பம் வெள்ளையாக இருந்தது. வெள்ளை என்றால் அங்கிருந்து யாரும் எங்கேயும் போவதில்லை என்று அர்த்தம். அதற்கு வடக்கே, எண்ணூர் போகிற வழியில், ஒரு இடம் ரத்தச் சிவப்பாக இருந்தது. ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்களாம், சாலையைக் கடக்கும் தேவை அங்கேதான் அதிகமாம், அதனால் திறப்பும் சிக்னலும் அங்கேயாம். நான் பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். நீ சிவப்பு அடித்த இடத்தில் ஒரு பக்கம் கன்டெய்னர் யார்டின் மதில், இன்னொரு பக்கம் கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டிய பாறை. அங்கே ஒரு வீடு கிடையாது, ஒரு டீக்கடைகூடக் கிடையாது. அதைத்தான் எழுந்து கேட்டேன். "இது ஆள் விட்டு எழுதின சர்வே இல்ல மேடம், செல்போன் டேட்டா. மனுஷன் பொய் சொல்வான், டேட்டா சொல்லாது" என்றாய். சில பேர் கைகூடத் தட்டினார்கள்.

உன் மாடலின் வம்சத்தை நீ பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறாய். நான் அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் சொல்கிறேன், கேள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பழைய ஆட்கள் அவர்களுடைய முறையைப் பெருமையாகச் சொல்வார்கள். சாலையோரம் ஆளை உட்காரவைத்துப் போகிற வண்டிகளை எண்ணுவார்கள். வருஷத்துக்கு இவ்வளவு வளரும் என்று பெருக்குவார்கள். வருகிற தொகைக்குத் தகுந்த அகலத்தில் சாலை போடுவார்கள். அவ்வளவுதான் வித்தை. வண்டியில் போனால் நீ கணக்கில் இருக்கிறாய், நடந்து போனால் இல்லை. சாலையின் நீளத்தில் போகிறவனைத்தான் எண்ணினார்கள், குறுக்கே கடக்கிறவளை எண்ணவே இல்லை. ஏன் என்று கேட்டால், அவள் போக்குவரத்து இல்லை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சிரிப்பார்கள்.

அப்புறம் நாலு படி மாடல் வந்தது. ஊரை மண்டலம் மண்டலமாக வெட்டு. ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் எத்தனை பயணம் கிளம்புகிறது, அது எங்கே போய்ச் சேருகிறது, எதில் போகிறது, எந்தச் சாலையில் போகிறது என்று ஒவ்வொரு படியாகக் கணக்குப் போடு. பெரிய இடம் அதிகமாக இழுக்கும், தூரம் கூடக்கூட இழுப்பு குறையும் என்பது அதன் சூத்திரம், ஈர்ப்பு விசை மாதிரி. காலேஜில் இதைப் படித்துவிட்டு வந்த அன்று நீ என்னைப் பார்த்து, "ஜனங்களைக் கோள்னு நினைச்சுட்டீங்களாம்மா?" என்று சிரித்தாய். பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த உன் அப்பா, "ஏன்டா, எங்க ஃபோர்மேன் இழுக்கறான், நான் தெனம் போறேனே" என்றார். வீடே சிரித்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த மாடலில் சிரிக்க முடியாத ஒன்று இருந்தது. அதை அன்றைக்கு உனக்குச் சொல்லவில்லை.

அந்த மாடலுக்குத் தீனி வேண்டும். வீடு வீடாகப் போய், நேற்று எங்கெல்லாம் போனீர்கள் என்று கேட்டு எழுத ஆள் வேண்டும். காலேஜ் பிள்ளைகள்தான் கிடைப்பார்கள். அவர்களுக்கு லீவு கோடையில். கோடையில் நம்ம கரையில் என்ன என்று குப்பத்தில் பிறந்த எந்தக் குழந்தையும் சொல்லும். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். ஏலச் சத்தம் இருக்காது, ஐஸ் வண்டி வராது. அந்தச் சமயம் பார்த்துக் குப்பத்துக்குப் போய், "நேத்து எங்கம்மா போனீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? "எங்க போறது, வூட்லதான் குந்திகினு கீறோம்" என்று சொன்னார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள். பிள்ளைகளும் உண்மையைத்தான் எழுதினார்கள். பயணம் இல்லை. வருஷத்தில் மற்ற மாதமெல்லாம் விடிவதற்கு முன்னால் எழுந்து காசிமேட்டுக்கும் ராயபுரத்துக்கும் ஓடுகிற ஒரு ஊரே, சும்மா உட்கார்ந்திருக்கும் ஊராக எங்கள் மாடலுக்குள் போனது. நான் மேலதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்று கத்தினேன். அவர் நல்ல மனிதர், என்னை உட்காரச் சொல்லி டீ வரவழைத்துக் கொடுத்து, "ரிப்போர்ட் போகணும்மா, அடுத்த மாடல்ல சரி பண்ணிக்கலாம்" என்றார்.

அடுத்த மாடலும் வந்தது. ஒரு ஆள் பஸ்ஸில் போவானா பைக்கில் போவானா என்பதை அவனுடைய நேரத்துக்கு என்ன மதிப்பு என்று பார்த்துச் சொல்லும் மாடல். நேரத்தின் மதிப்பை எதை வைத்துப் போடுவது? சம்பளத்தை வைத்து. காரில் போகிறவரின் ஒரு மணி நேரம் தங்கம், தேசம்மாளின் ஒரு மணி நேரம் தவிடு. அவளுக்கு ஒரு சிக்னல் போட்டு நேரம் மிச்சமானால் திட்டத்துக்கு லாபம் என்று ஒன்றும் வராது. ஆனால் லாரிக்குள் இருக்கும் சரக்குக்கு நேர மதிப்பு உண்டு, தெரியுமா உனக்கு? கன்டெய்னருக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் செருப்பு சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் நாட்டுக்கு லாபம். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு சாலையைக் கடக்கிறவள் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் ஒன்றுமில்லை. அதற்கும் அடுத்ததாக, ஒரு ஆளின் முழு நாளையும் பின்தொடரும் மாடல் வந்தது. காலையில் எழுந்தது முதல் பிள்ளையைப் பள்ளியில் விட்டது, வேலைக்குப் போனது, வழியில் காய்கறி வாங்கியது என்று சங்கிலியாகப் பார்க்கும். நல்ல யோசனை, மறுக்கமாட்டேன். ஆனால் அதற்கு அடியில் போட்ட கணக்கு அதே கோடைச் சர்வே. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறவளின் நாளைப் பின்தொடர்ந்தால் அது எங்கே போகும்?

இப்போது உன்னுடையது. செல்போன். ஒவ்வொரு போனும் எந்தச் செல்போன் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தது என்ற விவரத்தைப் போன் கம்பெனிகளிடம் வாங்கி, யார் எங்கே போனார்கள் என்று கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கிறது. ஆளைக் கேட்க வேண்டாம், கோடை லீவு வேண்டாம், தடைக்காலம் ஒரு பொருட்டில்லை. போன வருஷம் இதை எனக்கு விளக்கியபோது உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். கடைசியில் குப்பம் கணக்கில் வரப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் தேசம்மாள் வீட்டில் போன் ஒன்றுதான். அவள் ஏலத்துக்குப் போகும்போது அதை எடுத்துப் போவதில்லை. மீன் தண்ணி பட்டால் போன் செத்துப்போகும். அது மகளிடம் வீட்டில் இருக்கும். குப்பத்தில் கூடை தூக்கும் பொம்பளைகள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். உன் கம்ப்யூட்டருக்கு அவர்கள் இன்றைக்கும் வூட்டில் குந்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்தத் தேசம்மாளை உனக்கு மறந்திருக்காது. நான் பாரிமுனை ஆபீசுக்கு ரயில் பிடிக்க விடியும்போதே ஓடுவேன், உன் அப்பா அதற்கும் முன்னால் போய்விடுவார். நீ ஒன்றாவது படிக்கும்போது நாம் சாலைக்குக் கிழக்கே வாடகைக்கு இருந்தோம். உன்னைப் பள்ளிக்கூடத்துக்குச் சாலை கடத்திவிட்டது அவள்தான். ஒரு நாள் டேங்கர் லாரிக்காரன் நிற்காமல் ஹாரன் அடித்துக்கொண்டே வர, அவள் மீன் கூடையை அப்படியே நடுச்சாலையில் இறக்கிவைத்துவிட்டு, "ஏத்துடா பாக்கலாம், ஏத்து" என்று கையை விரித்து நின்றாளாம். நீதான் வந்து சொன்னாய். அவளைப் போல் நடித்தும் காட்டினாய். நேற்று மண்டபத்தில் அவள் உன்னைப் பார்த்ததும் எழுந்து, "நைனா, சொவரு வந்தா நாங்க எப்டி கடக்கறது? கூடைய தூக்கிகினு அம்மாந்தூரம் நட்ந்து போய்ட்டு திரும்பி வர்றதுக்குள்ள மீனு நாறிப்பூடும்" என்றாள். நீ அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த படத்துக்குப் போனாய். அவளுக்கு உன்மேல் கோபம்கூட வரவில்லை. "பெரிய எடத்து வேல, பேஜாரா இருந்திருக்கும்" என்று எனக்கே சமாதானம் சொல்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ராத்திரி தூங்கி எழுந்தும் அந்தச் சிவப்பு என் கண்ணை விட்டுப் போகவில்லை. குப்பம் ஏன் வெள்ளை என்று எனக்குத் தெரியும். ஆள் இல்லாத இடம் ஏன் சிவப்பு என்று தெரியவில்லை. அதனால் இன்று காலை ஷேர் ஆட்டோ பிடித்து அங்கே போனேன். மதில் ஓரமாக டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்கு எட்டும் தூரம் வரைக்கும் நின்றன. துறைமுகக் கேட்டுக்குள் விட வேண்டி நிற்கும் வரிசை. இந்த வரிசை இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. இரண்டு லாரிக்கு நடுவில் கயிறு கட்டி லுங்கி காய்ந்தது. ஒருத்தர் பம்ப் ஸ்டவ் வைத்து உப்புமா கிளறிக்கொண்டிருந்தார். வண்ணாரப்பேட்டைக்காரர், பெயர் காதர். "பாய், இந்தப் பக்கம் யாராவது குடியிருக்காங்களா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க யாருமா குடியிருப்பா? கொசுதான் குடியிருக்குது. நாங்கதான் கேட்டு தொறக்கிற வரிக்கும் இங்கியே கெடக்கறோம்." உங்கள் வீடு பக்கத்தில்தானே, ராத்திரியாவது போகலாமே என்றேன். "எங்க போறது? வண்டிய வுட்டுட்டுப் போனா டீசலு பூடும், லைன்ல எடமும் பூடும். மாசத்துல வூட்ல படுக்கற நாளவிட இங்க படுக்கறதுதான் ஜாஸ்தி. எம் பொண்ணு கேக்குது, அத்தா, நீ எங்க வூட்டுக்கு விருந்தாளியான்னு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவருடைய போன் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் கம்ப்யூட்டரிடம் யாரும் வீட்டு விலாசம் சொல்வதில்லை. ராத்திரியில் ஒரு போன் எங்கே அசையாமல் கிடக்கிறதோ, அதுதான் அந்த ஆளின் வீடு என்று அதுவாக முடிவு செய்துகொள்கிறது. நீதான் எனக்கு இதைச் சொன்னாய், எவ்வளவு அழகான யோசனை பாரும்மா என்று. காதர் பாயின் வீடு வண்ணாரப்பேட்டையில் இல்லை, இந்த மதிலோரத்தில் இருக்கிறது என்று உன் மாடல் எழுதிவைத்திருக்கிறது. அவருக்கு முன்னால் நிற்கும் லாரியும் ஒரு வீடு. அதற்கு முன்னால் நிற்பதும் வீடு. கேட் திறக்காததால் வீட்டுக்குப் போக முடியாமல் கிடக்கும் டிரைவர்களை எல்லாம் சேர்த்து ஒரு ஊரே கட்டி, அந்த ஊருக்குச் சிக்னலும் கொடுத்திருக்கிறாய். அதிலும் ஒரு கூத்தைப் பார். இந்த லாரிகளைக் கீழ்ச் சாலையிலிருந்து அப்புறப்படுத்தத்தான் பறக்கும் சாலையே வருகிறது. அது வந்தால் இந்த வரிசை இருக்காது. உன் சிக்னல் பாறைக்கும் மதிலுக்கும் நடுவில் யாருக்காகப் பச்சை காட்டும்? நடுச்சாலையில் நின்று நான் சிரித்தேன், தம்பி. பாய் பயந்துபோய், "இன்னாமா ஆச்சு, தண்ணி குடிக்கிறியா?" என்று பாட்டிலை நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுதி அனுப்பினேன். நீ சிவப்பு அடித்தது லாரி வரிசை, ராத்திரி போன் கிடந்த இடத்தை வீடு என்று எடுத்திருக்கிறாய், சரிபார் என்று. உன்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், நீ சோம்பேறி இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து சரிபார்த்திருக்கிறாய். இந்தக் கடிதத்தின் நடுவில்தான் உன் பதில் வந்தது. அதை அப்படியே இங்கே எழுதுகிறேன். "செக் பண்ணேன்மா. நீ சொல்றது கரெக்ட். அந்த போனெல்லாம் பெரும்பாலும் லாரி டிரைவர்ஸோடதுதான். ஆனா ஃபைனல் ரிப்போர்ட் வெள்ளிக்கிழமையே போயிடுச்சு. அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடறேன்." கீழே கைகூப்பும் பொம்மை ஒன்று.

வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டாய். அப்படியானால் சனிக்கிழமை எங்களை எதற்குடா கூப்பிட்டாய்? தேசம்மாள் ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, முன் வரிசையில் வந்து உட்கார்ந்தாளே, எதற்கு? பிஸ்கட்டும் டீயும் கொடுத்து, பேசுங்கள் பேசுங்கள் என்று மைக்கை நீட்டினீர்களே, அது என்ன கண்துடைப்பு? கேள்வியை எழுத்தில் கொடுங்கள், பரிசீலிக்கிறோம் என்று என்னிடம் சொன்னபோது பரிசீலிக்க ஒன்றும் மிச்சமில்லை என்று உனக்குத் தெரியும். மேடம் என்று கூப்பிட்டதைக்கூட மறந்துவிடுவேன். இதை மறக்கமாட்டேன். அடுத்த வெர்ஷனாம்! என் மேலதிகாரி டீ வாங்கிக் கொடுத்துச் சொன்ன அதே வார்த்தையை என் பிள்ளை பொம்மை போட்டு அனுப்புகிறான். மாடல் எத்தனையோ மாறிவிட்டது. எண்ணினார்கள், கேட்டார்கள், பின்தொடர்ந்தார்கள், இப்போது ஒட்டுக்கேட்கவே செய்கிறார்கள். ஆனால் குப்பத்தின் முறை மட்டும் எப்போதும் அடுத்ததில்தான் வருகிறது. சுவர் மட்டும் இந்த வெர்ஷனிலேயே வந்துவிடும்.

நேற்றுப் போனில் நீ கேட்ட ஒரு கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். "எங்கம்மா இருக்கற ஊருன்னு ஒரு மண்டலத்துக்கு மட்டும் நான் கையால நம்பர் போட்டா, அம்மா இஞ்சினியரா இல்லாத மத்த மண்டலத்துக்கெல்லாம் யார் போடுவா?" என்றாய். நியாயமான கேள்வி. காலையிலிருந்து அதையே யோசித்துப் பார்த்ததில், நீ அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாய் என்று தெரிகிறது. மற்ற இடத்தில் கேட்க ஆள் இல்லை என்பது இங்கேயும் கேட்காமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. அங்கேயும் போய்ப் பார்ப்பதற்குத்தான் காரணம். எண்ணூரிலும் வள்ளூரிலும் இன்னும் எங்கெங்கேயும் உன் படத்தில் வெள்ளையாக இருக்கும் இடமெல்லாம் உண்மையிலேயே வெள்ளைதானா என்று நீ இறங்கி நடந்து பார்த்திருக்கிறாயா? கற்பனையாக நம்பர் போடு என்று நான் சொல்லவில்லை. தடைக்காலம் இல்லாத ஒரு வாரத்தில், குப்பத்து வாசலில் ஆளை நிறுத்தி, கடக்கிறவர்களை எண்ணு என்கிறேன். அறுபது வருஷத்துக்கு முந்தைய வித்தை என்று சிரிப்பாய். சிரி. குறுக்கே கடக்கிறவளையும் சேர்த்து எண்ணினால் அந்தப் பழைய வித்தைக்கு உன் புது வித்தை கிட்ட வராது.

ஆட்சேபணை மனுவை டைப் செய்து முடித்துவிட்டேன். திறப்பைக் குப்பத்து வாசலுக்கு மாற்ற வேண்டும், அதுவரை ரிப்போர்ட்டை ஏற்கக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். நான் மட்டும் போய்க் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மனு வாங்கும் அந்த மேஜைக்குப் பின்னால் எத்தனையோ வருஷம் உட்கார்ந்திருந்தவள்தானே நான். ரிட்டயர்டு ஆன பொம்பளை, உள்ளூர்க்காரி, பொழுது போகவில்லை என்று முத்திரை குத்தி ஃபைலில் வைத்துவிடுவார்கள். மாடலைச் செய்தவனே பக்கத்தில் நின்று, இந்தச் சிவப்பு தப்பு, அதைப் போட்டது நான்தான் என்று சொன்னால் அவர்களால் அப்படித் தள்ள முடியாது. உன் கம்பெனி உன்னைச் சும்மா விடுமா என்று நீ கேட்பாய். விடாது. திட்டுவார்கள், வேறு வேலைக்கு மாற்றுவார்கள், வெளியேகூட அனுப்பலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்துதான் கேட்கிறேன். பெற்ற பிள்ளையின் வேலைக்கு உலை வைக்கிறோமே என்று மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் தினம் காலையில் அந்தச் சுவரைத் தாண்டிக் குதிக்கப்போகிறவள் தேசம்மாள். உனக்குப் போனால் வேலை, அவளுக்குப் போனால் உயிர்.

நாளை உனக்கு ராத்திரிதான் விமானம். காலையில் மனு வாங்கும் திட்ட அலுவலகம் திறக்கும்போது நான் வாசலில் இருப்பேன், நீயும் அங்கே வா என்று மட்டும் இப்போது உனக்கு மெசேஜ் அனுப்புகிறேன். நீ வந்து என் பக்கத்தில் நின்றால், இந்தக் கடிதம் என் கைப்பையிலேயே இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து படித்துவிட்டு, என்னோடு சண்டை போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போ. நீ வராவிட்டால், நீ அனுப்பிய மெசேஜோடு சேர்த்து இதையும் மனுவில் இணைத்துக் கொடுத்துவிடுவேன், பத்திரிகைக்கும் ஒரு பிரதி போகும். அவர் மெசேஜில் எழுதியிருப்பது உண்மைதான் என்பதற்கு என்னம்மா ஆதாரம் என்று கேட்பார்கள். என் பிள்ளை என்னிடம் பொய் சொன்னதில்லை என்று சொல்வேன்.

இந்த வரியை நம் இரண்டு பேரைத் தவிர வேறு யாராவது படிக்கிறார்கள் என்றால், நீ வரவில்லை.

அம்மா